பலகைக்கு அடியில் இருந்த ஆறு கோடுகள்

மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்தே தூக்கி நிறுத்திப் பழுது பார்க்க எப்படிப்பட்ட தூக்கி வாங்கலாம், அல்லது எப்படிச் செய்துகொள்ளலாம் என்று இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது என்னைக் கேட்கிறார்கள். போன வாரம் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்தே இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சீமையிலிருந்து வந்த விலைப்பட்டியல் புத்தகத்தை விரித்து, இரும்பில் செய்த ஒரு தூக்கியின் படத்தைக் காட்டி, "அண்ணே, இது எப்படி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா தவுக்கே வாங்கிடுவாரு" என்றார்கள். தவுக்கே என்றால் பட்டறை முதலாளியான சீனர். படத்தைப் பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து வரைந்த படம், அழகாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அடிப்பக்கம் புத்தகத்தில் இல்லை. அப்படியானால் எனக்குத் தெரியாது என்று மூடிக் கொடுத்துவிட்டேன்.

சரியான சந்தேகப் பிராணி என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் நான் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் படாமல், படக்கூடாத இடத்தில் பட்டவன். அந்தக் கதை ஒரு தூக்கியைப் பற்றியது என்பதால், கேட்கிற எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயதாகவில்லை. முப்பத்தொன்றுதான். பன்னிரண்டு வருஷம் சிலிகி ரோட்டுப் பட்டறையில் இருந்தேன். போன வருஷம் இரும்புத் துகள் ஒன்று இடது கண்ணில் பாய்ந்தது. இனி இந்த வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பதிவேடு எழுதுகிறேன். பேனா பிடிக்க ஒரு கண் போதும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தகப்பனார் தேக்காவில் மாட்டுவண்டி ஓட்டினார். அவருக்குக் கைநாட்டு. எனக்குத் தமிழோடு கொஞ்சம் இங்கிலீஷும் எழுத வந்தது. எழுதியது எதுவானாலும் அது நின்றுவிடும், பேசியது காற்றோடு போய்விடும் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். பட்டறையில் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில் சொல்ல எதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், சக்கரத்துக்குக் காற்றடித்தேன், மேஸ்திரி கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. சட்டைப் பையில் ஒரு பென்சில், இடுப்பில் செருகிய ஒரு கெட்டிக் காகித நோட்டு.

மேஸ்திரியின் பெயர் முனியாண்டி. எழுதப் படிக்கத் தெரியாது. யாரையும் திட்ட மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால், "மறுபடி கழட்டு" என்பார், அவ்வளவுதான். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கழற்றி, நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது. காரணம் சொல்லாதவன் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பேன்.

அவர் வண்டியைத் தூக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். உத்தரத்தில் ஒரு இரட்டைக் கப்பி தொங்கும். வண்டியின் கழுத்தில் ஒரு கயிறு, இருக்கைக்குக் கீழே சட்டத்தில் ஒரு கயிறு. சக்கரங்கள் தரையை விட்டு நாலு விரல் எழும்பியதும் கை காட்டி நிறுத்தச் சொல்வார். கயிறு இழுபட்டு முனகும் சத்தம் அடங்க வேண்டும். அதுவரை உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். வெற்றிலை வாய்க்குள் போனபின் எழுந்து வந்து, வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, பழைய பகை தீர்ப்பதுபோல் உலுக்குவார். பிறகு நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி மறுபடி ஒரு உலுக்கு. அதற்கப்புறம் முதலில் அவர் தலைதான் அடியில் போகும். அவர் தலை வெளியே வந்தபிறகே மற்றவர்கள் தலை நுழையலாம். வண்டி தொங்கிக்கொண்டு ஆடும், எண்ணெய் முகத்தில் சொட்டும், கழற்றிய திருகாணி எங்கேயாவது உருண்டு போகும். படித்தவனான எனக்கு அது காட்டுத்தனமாகத் தெரிந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தன் கையால் கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும், வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து, ஒரு கோடு இழுப்பார். போல்ட்டின் தலையில் தொடங்கி என்ஜின் உடம்பில் முடியும் கோடு. போல்ட் தளர்ந்து அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். வேறு ஆள் மாட்டிய போல்ட்டில் அவர் கோடு இழுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வருஷம். கிராணியார் செல்லையா என்று ஒருவர் எங்கள் பட்டறைக்கு வண்டி கொண்டுவருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சர்க்கார் கச்சேரியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் வீடு. ஊர் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். மேட்டில் ஏறும்போது அது டக் டக் என்று தட்டியது. இரண்டு தடவை பட்டறைக்கு வந்து போயும் சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் தடவை முனியாண்டி மேஸ்திரி, "உள்ள பல்சக்கரமெல்லாம் பார்த்துட்டேன், பழுதில்ல. சத்தம் வெளியே இருக்கு, பெல்ட்டுக் கொக்கியப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பினார். கிராணியார் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதும் திருப்பி விடுவதும் என் வேலை. மூன்றாம் தடவை வண்டியை எடுக்கப் போனபோதே அவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். இனிமேல் வண்டியை எவனிடமும் விடப்போவதில்லை, வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தன் கண் முன்னாலேயே வேலை நடக்க வேண்டும், அதற்கு ஒரு தூக்கி வேண்டும், செய்து தர முடியுமா என்று கேட்டார். "நீர் படிச்ச பெடியன். உம்மட மேஸ்திரி மாதிரிக் கயித்தில தொங்கவிடாமல் ஒழுங்கான ஒண்டு செய்து தாரும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பத்துத் தூக்கி செய்து கொடுத்திருப்பேன்.

பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டில் வரைய ஆரம்பித்தேன். திருகு ஜாக்கி வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கினேன். ஒற்றைக் காலில் நிற்கும், வண்டி சாய்ந்தால் ஆள் போய்விடுவான். கயிறும் கப்பியும் வேண்டவே வேண்டாம். என் யோசனை மாட்டுவண்டிக்காரர்களிடமிருந்து வந்தது. அச்சுக்கு மசகு போட வண்டியின் ஒரு பக்கத்தை நெம்புகட்டையால் தூக்கி முட்டுக் கொடுப்பார்கள், பிறகு மறுபக்கம். அதேபோல ஒரு நீளப் பலகை. தரையில் கிடக்கும்போதே வண்டியை அதன்மேல் ஏற்றி, முன்சக்கரத்தைப் பலகையில் வெட்டிய குழியில் இறக்கிக் கட்டிவிட வேண்டும். பின்பக்கத்தை நெம்பி முக்காலிமேல் வைத்து, முன்பக்கத்தையும் அப்படியே வைத்தால் வண்டி இடுப்பு உயரத்தில் மேசைமேல் இருப்பதுபோல் நிற்கும். ஆடாது. திருகாணி விழுந்தாலும் பலகையிலேயே கிடக்கும். படத்துக்குக் கீழே அளவுகளை எழுதி, கடைசியில் இப்படி ஒரு வரியும் எழுதினேன்: "நடுவில் இடைவெளி வேண்டாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கிராணியாருக்குத் தூக்குமேடை கட்டறான்டா" என்றான் ஒருவன். சிரித்தார்கள். வெளிவேலை பார்ப்பது பட்டறையில் தப்பு, தெரிந்தால் வேலை போகும். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் முனியாண்டி மேஸ்திரி எனக்குப் பின்னால் வந்து நின்றார். கிராணியாரின் வண்டி அன்றைக்கு அவர் கப்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த பக்கத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இதக் குடுறா" என்று கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அவர்தான் எதற்கும் சொல்ல மாட்டாரே.

அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தப் பக்கத்தை அவர் தவுக்கேயிடம் காட்டப்போகிறார், சமயம் பார்த்துக் காத்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தால் அதற்காகத்தான் பார்க்கிறார், பார்க்காவிட்டால் அதற்காகத்தான் பார்க்கவில்லை. ஒரு நாள் தவுக்கேயோடு நின்று ஏதோ பேசிச் சிரித்தார். என்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வண்டி கிராணியார் வீட்டுக்குத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை நினைவிலிருந்து வேறொரு காகிதத்தில் படத்தைத் திருத்தமாக வரைந்து அவரிடம் கொடுத்தேன். அதன் தலையில் அவர் அன்றைய தேதியைப் போட்டு, கையெழுத்தும் வைத்து, பெட்டியில் பூட்டி வைத்தார். கச்சேரிப் பழக்கம். அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கியைச் செய்து முடித்தேன். வேலை நன்றாகவே வந்திருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் ஞாயிறு வண்டியை ஏற்றி நிறுத்தினோம். என்ஜின் எங்கள் கண்ணுக்கு நேரே வந்தது. கிராணியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்ஜினின் வலப்பக்க மூடியைக் காட்டினார். பல்சக்கரங்கள் அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. மூடியில் நாலு திருகாணி. ஒவ்வொன்றின் வெட்டிலும் சிவப்பாக, அரிசி அளவுக்கு ஏதோ இருந்தது.

"என்ன எண்டு தெரியுதோ? கச்சேரியில தபால் உறைக்கு வைக்கிற அரக்கு. வண்டியைப் பட்டறைக்கு விட முதல் நான்தான் உருக்கி வைச்சனான். திருகாணியைத் தொட்டால் அரக்கு உடையும்" என்றார். "சாட்சி இல்லாமல் பார்க்கக்கூடாது எண்டு இண்டைக்கு வரைக்கும் நான் குனிஞ்சும் பார்க்கேல்லை. இப்ப நீர் பாரும்."

நாலும் உடையாமல் இருந்தன. அதோடு, திருகாணிகளில் சுண்ணாம்புக் கோடும் இல்லை. இதை நானேதான் கிராணியாரிடம் எடுத்துச் சொன்னேன். மேஸ்திரி திறந்திருந்தால் கோடு இருக்கும், அவர் கோடு போடாமல் விடவே மாட்டார் என்றேன். கிராணியார் மெல்லத் தலையாட்டினார். "உள்ளே பார்த்தனான் எண்டு சொன்னவன் மூடியைத் திறக்கவேயில்லை" என்றார்.

அவர் தவுக்கேக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். மறுநாள் தவுக்கே என்னை அழைத்து மலாய் மொழியில் கேட்டார். நீ உன் கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன். எழுதிக் கொடுப்பாயா? வெளிவேலை செய்ததை அவர் கேட்கவே இல்லை என்பதை அப்போது நான் கவனித்தேன். அப்படியென்றால் மேஸ்திரி இன்னும் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுக்குமுன் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு என் கையை ஓட்டியதா என்று கேட்டால், ஆமாம், ஓட்டியது. இங்கிலீஷில் மூன்றே வரி எழுதினேன். அரக்கு உடையவில்லை. சுண்ணாம்புக் கோடு இல்லை. ஆகையால் மேஸ்திரி திறந்து பார்த்ததாகச் சொன்னது பொய். அந்த 'ஆகையால்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குக் கடைசியில் அப்படித்தான் எழுதுவோம்.

தவுக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாரும் வேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தோம். மேஸ்திரி, "உள்ள பார்த்தேன். சந்தேகம்னா வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க, தொறந்து காட்டறேன்" என்று மட்டும் சொன்னார். கிராணியார் வண்டியை அனுப்பச் சம்மதிக்கவில்லை. பட்டறைக்குள் போனால் தடயத்தை மாற்றிவிடுவான், வீட்டுக்குள்ளும் அவனை விடமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். விஷயம் தீரும்வரை வீட்டில் இரு என்று தவுக்கே மேஸ்திரியை அனுப்பிவிட்டார். மேஸ்திரி கை கழுவினார், வெற்றிலைப் பெட்டியை மடியில் செருகினார், போனார். என்னைக் கடந்துதான் போனார். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வேலை செய்யாமல் செய்ததாகச் சொன்னவன் என்று ஒரு மேஸ்திரிக்குப் பெயர் வந்தால், இந்த ஊரில் வேறு பட்டறையும் அவனைச் சேர்க்காது. பதினைந்து நாளில் அந்தப் பேச்சு தேக்காவரை வந்துவிட்டது. தகப்பனார் அதைக் கேட்டுவிட்டு வந்து, "நீ எழுதின கடுதாசியாமே" என்றார். பெருமையா வருத்தமா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கிராணியார் வீட்டுக்குப் போனேன். தூக்கி பற்றி அவருக்கு ஒரு குறை இருந்தது. என்ஜினிலிருந்து கசியும் எண்ணெய் பலகையில் ஊறி, கொட்டகை முழுக்க நாற்றம். நடுவில் ஒரு சதுரம் வெட்டிவிட்டால் கீழே டின் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். இடைவெளி வேண்டாம் என்று நானே எழுதிய பலகை. மனசில்லாமல் ரம்பம் எடுத்தேன். அவர் உள்ளே தேத்தண்ணீர் குடிக்கப் போனார். சதுரம் கழன்று விழுந்தது. டின்னை வைப்பதற்காகப் படுத்து, நிமிர்ந்து பார்த்தேன்.

என்ஜினின் அடிவயிற்றில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு தகடு. தகட்டில் ஆறு போல்ட். ஆறிலும் ஒவ்வொரு கோடு, எண்ணெய் ஊறிப் பழுப்பாகிப்போன சுண்ணாம்புக் கோடு.

அந்தத் தகட்டைக் கழற்றினால் அடிவழியாகவே பல்சக்கரத்தைப் பார்க்கலாம், விரலால் தடவியும் பார்க்கலாம். பக்க மூடியைத் தொடத் தேவையே இல்லை. வண்டி கயிற்றில் தொங்கினால் தகடு கண்ணுக்குத் தெரியும். என் மேடைமேல் நின்றால் தெரியாது. தெரியாதபடி நான்தான் ஏழடிப் பலகையால் மூடி வைத்திருந்தேன்.

கிராணியாரைக் கூப்பிட்டேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் விளக்கினேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நான் உள்ளே போன நேரம் இதை நீர் பூசேல்லை எண்டதுக்கு என்ன சாட்சி?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மனச்சாட்சி உறுத்திப் போய் நானே சுண்ணாம்பு தடவியிருக்கலாம். மேஸ்திரியே என்னை ஏவியிருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன் என் ஒரு சொல்லை முழுசாக நம்பிய மனிதர், இப்போது அதே கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக முனியாண்டி மேஸ்திரி எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு லேசாகத் தெரிந்தது.

"அவரையே கூட்டிவந்து உங்க முன்னாடி திறக்கச் சொல்றேன், ஐயா. உள்ளே எதாவது இருந்தா அதைப் பாருங்க" என்றேன். அவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரையும் சாட்சிக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சம்மதித்தார்.

பஃபலோ ரோட்டுச் சந்தில் மேஸ்திரி வீடு. வாசலில் உட்கார்ந்து யாருடைய மாட்டுவண்டிச் சக்கரத்துக்கோ பட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் சுத்தியலை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்தபிறகு ஒன்று கேட்டார்.

"பலகையில எவ்வளவு பெரிய ஓட்டை போட்ட?"

ஒன்றரை அடிச் சதுரம் என்றேன்.

"போதும்" என்று எழுந்து, ஸ்பானரை எடுத்தார்.

கிராணியார் வீட்டு வாசலில் மேஸ்திரி நின்றுவிட்டார். கிராணியார் "வாரும்" என்று சொன்னபிறகே உள்ளே வந்தார். வந்ததும் போல்ட்டைப் பார்க்கவில்லை, என் தூக்கியைப் பார்த்தார். சுற்றி வந்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. மறுபக்கம் போய் உலுக்கினார். பின்பக்க முக்காலிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னார். கட்டியபின் தன் தலையை அடியில் விட்டார். அந்த வீட்டிலும் அதே வரிசைதான்.

ஆறு போல்ட்டும் கழன்றன. தகடு கீழே இறங்கியது. தகட்டின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு, எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் காகிதச் சட்டம் ஒன்று வந்தது. நடுவை வெட்டி எடுத்து, ஓரம் மட்டும் விட்ட சட்டம். பழுப்பேறி, எண்ணெய் குடித்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேஸ்திரி அதை நகத்தால் உரித்து, கிழியாமல் பலகைமேல் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி உள்ளே தலையை விட்டார். அவருக்கு அது வெறும் காகிதம்.

கிராணியார் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் உதடு அசைந்தது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாதவர். "பலகை நீளம் ஏழடி" என்று வாசித்தார். சட்டத்தைத் திருப்பினார். "நடுவில் இடைவெளி வேண்டாம்."

என்னைப் பார்த்தார். "இது உம்மட எழுத்தல்லோ?"

என்னுடையதுதான். மேஸ்திரி என் கையிலிருந்து கிழித்துக்கொண்டு போன பக்கம். தவுக்கேயிடம் காட்டப்போகிறார் என்று நான் பயந்த பக்கம். காகிதம் கெட்டியாக இருந்ததால் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவுதான். அதில் என்ன எழுதியிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

கிராணியார் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தேதி போட்ட என் திருத்தப் படத்தைக் கொண்டுவந்து வாத்தியாரிடமும் காட்டி ஒப்பிட்டார். முதல் படம் வண்டி பட்டறையில் இருந்த வாரத்தது. சனிக்கிழமை வந்த வண்டி அதன்பிறகு அவர் கொட்டகையை விட்டு வெளியே போகவில்லை, சாவி அவரிடம்தான் இருந்தது. அப்படியானால் இந்தக் காகிதம் பட்டறையில்தான் உள்ளே போயிருக்க வேண்டும். அவர் காகிதத்தைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றினார். "நீர் திறந்துதான் பார்த்திருக்கிறீர், மேஸ்திரியார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

மேஸ்திரி பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். டக். இன்னொரு சுற்று. டக். பெல்ட்டின் இரு முனையையும் சேர்க்கும் கொக்கி, ஒவ்வொரு சுற்றிலும் காப்புத் தகட்டில் இடித்தது. முதலிலேயே அவர் சொன்னதுதான். வண்டி உயரத்தில் நின்றதால் கொட்டகை முழுக்கக் கேட்டது.

அந்தக் காகிதச் சட்டத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க நினைத்தேன். தவுக்கேயிடம் காட்ட அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை. நான் வாயைத் திறக்குமுன் மேஸ்திரி அதைத் துடைத்து, அதே இடத்தில் வைத்து, தகட்டை ஏற்றி முறுக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னும் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வேற வெட்டணும்" என்றார். பிறகு மடியிலிருந்து பெட்டியை எடுத்து, ஆறு கோடு இழுத்தார்.

திங்கட்கிழமை கிராணியார் கோட்டு மாட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். கடிதம் எழுதவில்லை. எல்லாருக்கும் நடுவில் நின்று, தான் சொன்னது தப்பு என்று தவுக்கேயிடம் சொன்னார். நானும் சொன்னேன். வெளிவேலை செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். தவுக்கே, உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேஸ்திரி வந்து சொல்லட்டும் என்றார். அன்று மத்தியானம் மேஸ்திரி வந்தார். வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று அதற்கும் காரணம் சொல்லவில்லை.

ஆனால் அன்று முதல் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வண்டியைத் தூக்கி, உலுக்கி, தன் தலையை விட்டு எடுத்தபின் என்னைக் கூப்பிடுவார். நான் என்ன வேலையில் இருந்தாலும் போக வேண்டும். "வந்து பார்த்துடு" என்பார். நான் அடியில் குனிந்து எல்லாக் கோடுகளையும் பார்த்து, பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கோபமாகச் சொல்வதில்லை, கிண்டலாகவும் இல்லை. ஸ்பானரைக் கேட்பதுபோல் சொல்வார். ஒன்பது வருஷம், ஒவ்வொரு வண்டிக்கும். புதிதாக வந்தவர்கள் இதுதான் பட்டறை முறை என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் வருஷம் ஒவ்வொரு தடவை குனியும்போதும் எனக்குக் காது சுட்டது. பிறகு குனியாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

இப்போது கேட்பவர்களுக்கு என் பதில் இது. கெட்டி மரமாக எடுங்கள். ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்து, பிறகு மறுபக்கம். முட்டுக்கட்டையையும் பலகையையும் கயிற்றால் கட்டுங்கள். ஏறி நின்றபின் உலுக்காமல் கிட்டப் போகாதீர்கள். பலகையின் நடுவை வெட்டி விடுங்கள். திருகாணி விழுந்தால் விழட்டும், தேடி எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணில் அடிபட்டு, கணக்குத் தீர்த்துக்கொள்ளப் பட்டறைக்குப் போன கடைசி நாள், ஒரு வண்டி கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அடியிலிருந்து தலையை எடுத்தார். விரல் நுனியில் சுண்ணாம்பு. பழக்க தோஷத்தில் நான் கிட்டப் போய்க் குனியப் போனேன். கட்டுப் போட்ட கண்ணோடு எதைப் பார்த்திருப்பேனோ தெரியாது. அவர் சுத்தமாக இருந்த மறுகையால் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம். நான் பார்த்துட்டேன். நீ போயிட்டு வா" என்றார்.

சரி மேஸ்திரி என்றேன். குனியாமல் வெளியே வந்தேன்.